மலைவீட்டுத் தொட்டில்

கொல்லிமலையின் அடிவாரத்தே காரவள்ளி என்னும் சிற்றூர் உளது. சேந்தமங்கலத்தைக் கடந்து வரும் பாதை அவ்விடத்திற் சமநிலத்தை விட்டு, 70 கொண்டையூசி வளைவுகளாய் மடங்கி மடங்கி ஏறிச் செம்மேட்டை அடைகின்றது. கீழ்நாட்டு மருத்துவமனையில் மகவீன்ற மலைநாட்டுத் தாயொருத்தி, தன் பச்சிளங்குழவியை முந்தானையாற் போர்த்து மடியிற் கிடத்திக்கொண்டு, பேருந்தில் அவ்வளைவுகளைக் கடந்து செல்வதை மனக்கண்ணாற் காண்போமாக. அவள் வீடு சேரும்போது பொழுது சாயும். மலையிற் குளிர் இறங்கும். அக்குழவி அன்றிரவு எதன்மேல், எவர் அருகில், எந்நிலையில் உறங்கும்? எளியதாய்த் தோன்றும் இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

நம் முன்னோர்க்கு இஃது எளிய வினாவாக இருந்ததில்லை. குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிடன் என்னும் பெயர்களை நம் ஊர்களிற் கேளாதார் இலர். பிறந்த பிள்ளைகளை அடுத்தடுத்துச் சாவுக்குக் கொடுத்த பெற்றோர், அடுத்த மகவையேனும் கூற்றுவன் விரும்பாதிருக்கட்டும் என்று குப்பையிற் புரட்டி எடுத்தும், முறத்திலிட்டு அயலாரிடம் கொடுத்துப் பின் தவிட்டுக்கு வாங்கியும் இப்பெயர்களை இட்டனர். அப்பெயர் ஒவ்வொன்றின் பின்னும் பெயரிடப்படாத சிறு குழிகள் சில உள. இதனை அறியாமை என்று நகைத்தல் எளிது. ஆனால் காரணம் தெரியாத சாவை எதிர்த்து நிற்க அவர்க்குக் கிடைத்த கருவி அதுவே. இன்று நமக்குக் காரணங்கள் பல தெரிந்துள்ளன. குழந்தைக்கென்று அங்காடியில் விற்கும் பண்டங்களும் எண்ணிறந்தன. தெரிந்த காரணத்தையும் விற்கும் பண்டத்தையும் அருகருகே வைத்து நோக்குவோரோ சிலரே.

இம்மலையில் உயிரைக் காத்துக்கொள்ளுதல் முன்னாளில் எவ்வளவு அரியதாய் இருந்தது என்பதற்கு, மிஷன் கல்லூரியினராகிய நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தின் வரலாறே சான்று. ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் ஆங்கில மிஷனெரித் தம்பதியர் கொல்லிமலையில் தங்கி ஊழியமும் வைத்தியமும் செய்துவந்தனர். 1914ஆம் ஆண்டு அவர்க்கு அம்மலையிற் பிறந்த மகனே, பின்னாளில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்செய்து உலகப்புகழ் பெற்ற பால் பிராண்டு. மலைவாசிகளுக்கு மருந்து கொடுத்த தந்தையாரைக் கருநீர்க் காய்ச்சல் என்னும் மலேரியாவின் கொடிய விளைவு 1929இற் கொண்டுபோயிற்று. அன்னையாரோ முதுமையிலும் மலைமக்களை விட்டகலாது உழைத்து, 1974இல் உயிர்நீத்தார். இன்புளுவென்சா காய்ச்சலில் தாய் தந்தையரை இழந்த மலைக்குழந்தை ஒன்றை அவ்விருவரும் ஏற்று வளர்த்ததையும் அவர் வரலாற்றை எழுதினோர் குறித்துள்ளனர்.

வைத்தியம் செய்தவரையே காய்ச்சல் மடித்த மலையாதலின், கொசுவலையை முதலிற் கூறுகின்றேன். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் 1897இற் செகந்திராபாத்தில் மெய்ப்பித்தார். குழந்தைக்கு வாங்கும் பண்டம் ஒன்றேயென்றால் அது வலையாகவே இருக்கட்டும். குடைபோல் விரித்துக் கவிழ்க்கும் சிறு வலைகள் எங்கும் விற்கின்றன. அவற்றுள் அடிச்சட்டம் உறுதியானதும், வலை தளர்ந்து முகத்தின்மேல் விழாததும் கொள்ளத்தக்கது. தவழத் தொடங்கிய குழந்தை அதனைத் தூக்கிச் சுருட்டிக்கொள்ளும். அப்பருவம் முதல், தாயும் சேயும் அடங்கும் பெரிய வலையைக் கட்டி அதன் ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகுதலே தக்கது.

இனித் தூளிக்கு வருவோம். தூளி என்றும் ஏணை என்றும் நாம் வழங்கும் சேலைத் தொட்டிலைப்போல் எளியதும் அழகியதுமான ஒரு கருவியை வேறெந்நாட்டாரும் கண்டாரில்லை என்று சொல்லத் தோன்றுகின்றது. தாயின் பழஞ்சேலை ஒன்றும் ஓர் உத்தரமும் போதும். ஈரத் தரையினின்றும், எறும்பு தேள் முதலியவற்றினின்றும் குழந்தையை அது காக்கின்றது. தாயின் உடல்மணம் அதில் இருக்கின்றது. வயலிலோ தோட்டத்திலோ வேலைசெய்யும் தாய்க்கு மரக்கிளையே வீடாகின்றது. நாம் எல்லோரும் அதிற் கிடந்தே வளர்ந்தோம். ஆயினும் அதன் குறை ஒன்றை அறிந்தே தீரவேண்டும்.

பிறந்து மூன்று நான்கு திங்கள் வரையிற் குழந்தையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் வலியில்லை. அதன் மூச்சுக்குழல் மெல்லியது, ஒடுங்கியது. தூளியின் துணி வில்போல் வளைந்து தொங்குதலின் குழந்தையின் முதுகும் வளைகின்றது. தலை முன்னே சாய்ந்து மோவாய் மார்பிற் படிகின்றது. அந்நிலையில் மூச்சுக்குழல் மடங்கிச் சுருங்கும். குழந்தை அழாது; திணறும் ஓசையும் கேளாது. அன்றியும் இருபுறத்துத் துணியும் மேலே கூடி முகத்தை மூடுவதுண்டு. துணியை விரித்துவைக்கும் தொட்டில்கம்பை மேலே செருகினால் இப்பின்னைய இடர் பெரிதும் நீங்கும்; முன்னையது நீங்காது.

இது பழங்காலத்துப் பொருளின் குறை, புதிய பண்டங்களில் இராது என்று கருதுவோர்க்கு அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்றைக் கூறவேண்டும். அங்கே ஒரு பெயர்பெற்ற நிறுவனம் மெத்தென்ற சாய்வுத் தொட்டிலொன்றைச் செய்து பல்லாண்டுகள் விற்றது. அதிற் கிடந்து 30க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபின், 2019ஆம் ஆண்டு ஏறத்தாழ 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 2022இல் அந்நாட்டார் 10 பாகைக்கு மேற் சாய்ந்த உறக்கப் பண்டங்களையும், தொட்டிலின் உட்புறத்தே கட்டும் பஞ்சுத் திண்டுகளையும் சட்டத்தால் விலக்கினர். விலையுயர்ந்த அச்சாய்வுத் தொட்டிலுக்கும் நம் பாட்டியின் சேலைத்தூளிக்கும் குறை ஒன்றே: மோவாய் மார்பிற் படிதல். மோட்டார் வண்டியிற் பூட்டும் குழந்தையிருக்கையும் வண்டியில் அமர்த்துதற்கு உரியதேயன்றி, வீட்டிற் கொணர்ந்து உறங்கவைத்தற்கு உரியதன்று.

ஆதலின் தூளியை எரித்துவிடுக என்று கூறுகின்றேனோ? இல்லை. தாலாட்டும் கருவி வேறு, துயிலும் படுக்கை வேறு என்பதே யான் கூறுவது. பகலில், விழித்திருக்கும் ஒருவர் கண்ணெதிரே, குழந்தையின் முகம் தெரியத் தூளியில் ஆட்டுக. கண்ணயர்ந்தபின் எடுத்துச் சமதளத்திற் கிடத்துக. இரவில் எல்லோரும் உறங்கும் வேளையில் இளங்குழவியைத் தூளியில் விடாதிருக்க. வெறுந்தூளியைத் தொங்கவிடுதலும் ஆகாது. மூத்த பிள்ளைகள் அதனை ஊசலாக்கி ஆடி, முறுக்கி, கழுத்திற் சுற்றிக்கொண்டு இறந்த செய்திகளை நம் நாட்டு மருத்துவ இதழ்கள் பதிந்துள்ளன. பயன் முடிந்ததும் அவிழ்த்து மடித்து வைப்பதற்கு நேரம் எவ்வளவு வேண்டும்?

சமதளத்திற் கிடத்துக என்றேன், எவ்வாறு கிடத்துவது? மல்லாந்து என்பதே விடை. இவ்விடையைக் கண்டடைய மேல்நாட்டார் பெருவிலை கொடுத்தனர். அமெரிக்க வைத்தியர் ஸ்பாக் என்பார் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் இலட்சக்கணக்கான வீடுகளில் வேதம்போற் போற்றப்பட்டது. அதன் பின்வந்த பதிப்புகளில், மல்லாந்த குழந்தை பால்கக்கினால் மூச்சடைக்கும், ஆதலிற் குப்புறக் கிடத்துக என்று கூறப்பட்டது. கேட்போர்க்குப் பொருத்தமாகவே தோன்றும் காரணம். ஆயின் உடலின் அமைப்பு வேறு. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாய் அமைதலின், கக்கிய பால் மூச்சுக்குழலுக்கு ஏறவேண்டியிருக்கிறது. குப்புறக் கிடக்கையிலோ அதனுள் இறங்குவது எளிது. உறக்கத்திற் காரணமின்றி இறந்ததாகக் கருதப்பட்ட குழந்தைகளுட் பலர் குப்புறக் கிடத்தப்பட்டவர் என்பது எண்பதுகளில் தெளிவாயிற்று. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாந்து கிடத்துமாறு நாடெங்கும் அறிவுறுத்தினர். அச்சாவுகள் சில ஆண்டுகளிற் பாதியளவுக்குக் குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, செலவில்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டதே சிகிச்சை.

படுக்கையோ கெட்டியாக இருத்தல் வேண்டும். பாயின்மேல் மடித்து இறுக்கி விரித்த பருத்தித் துணி போதும். அழுத்தினால் குழிந்து முகத்தை அணைக்கும் இலவம்பஞ்சு மெத்தை குழவிக்கு ஆகாது. தலை உருண்டையாதற்கென்று வைக்கும் கடுகுத் தலையணையும், உருளாதிருக்க இருபுறமும் வைக்கும் திண்டுகளும், பக்கத்தில் அழகுக்கு வைக்கும் பஞ்சுப் பொம்மையும் முதலாண்டில் வேண்டா. கன்றும் கழுதையும் கிடக்கும் முன்னணையிற் பிள்ளையைக் கிடத்திய வரலாற்றைக் கிறிஸ்துமஸ் தோறும் பாடுகின்ற நாம், குழந்தைக்குப் பட்டுமெத்தை இல்லையே என்று வருந்துவது வியப்பே.

தாயின் பக்கத்திலா, தனியேயா என்னும் வினா நம் வீடுகளில் எழுவதேயில்லை. எல்லோரும் ஒரே பாயில் உறங்குகின்றோம். சாலொமோன் அரசன்முன் வந்த இரு பெண்டிரின் வழக்கை நினைக்க. அவர்களுள் ஒருத்தி இரவில் தன் மகவின்மேற் புரண்டு படுத்தாள், அது மாண்டது. நாம் அரசனின் ஞானத்தைப் பேசிப் பேசி, வழக்கின் தொடக்கமாகிய அச்சிறு சாவை மறந்துவிடுகின்றோம். தாய் தந்தையருள் எவரேனும் புகைபிடிப்பவராயின், குடித்திருப்பராயின், மயக்கந்தரும் மருந்து உண்டிருப்பராயின், அல்லது குழந்தை எடைகுறைந்து பிறந்ததாயின், ஒரே விரிப்பில் உறங்குதல் மிக்க இடருடையது. மலைநாட்டில் மட்டுமன்றி நம் ஊர்கள் எங்கும் மதுவின் ஆட்சி எத்தகையது என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குழந்தை ஒரே அறையில், கையெட்டும் தூரத்தில், தனி விரிப்பில் உறங்குதலே வழி. நியூசிலாந்தின் மவோரி மக்களுக்கென அவ்வினத்து மருத்துவர், பழைய முறைப்படி நார்முடைந்த ஆழமில்லாக் கூடை ஒன்றை அமைத்து, அதிற் குழந்தையைக் கிடத்திப் பெற்றோர் பக்கத்தில் வைக்கச் செய்தனர். வகாகுரா என்பது அதன் பெயர். குலவழக்கமாகிய அருகுறக்கத்தைப் பழிக்காமலே அதன் இடரை நீக்கிய அறிவு போற்றத்தக்கது. மூங்கில் முடையும் கைகள் நம் மலைகளிலும் உள. அடி தட்டையாய், பிசிர் நீக்கி, குழந்தையின் நீளத்துக்கு முடைந்த கூடையொன்று இவ்வேலையைச் செய்யாதோ என்று எண்ணுகின்றேன்.

பின்லாந்து நாட்டில் 1938 முதல் ஏழைத் தாய்மார்க்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்க்கும் அரசினர் குழந்தைப்பெட்டி ஒன்றை அளிக்கின்றனர். துணிமணிகளை எடுத்தபின் அட்டைப்பெட்டியே, அடியில் மெத்தையிட்ட தொட்டிலாகும். நம் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிற் பெற்ற தாய்மார்க்கென 2015இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில், 16 பொருள்களுக்குள் சிறு படுக்கையும் கொசுவலையும் இடம்பெற்றன. கொடுத்த பொருளைப் பயன்படுத்தும் முறையையும் கூடவே சொல்லிக் கொடுத்தால் அதன் பயன் இரட்டிக்கும்.

குளிரைப்பற்றி ஒருசொல். மலைவீட்டில் அடுப்பு மூட்டிப் புகையிடையே குழந்தையைக் காய்ச்சுவது நுரையீரலுக்குக் கேடு. தலையோடு கம்பளியால் மூடி உறங்கவைத்தலோ மூச்சுக்குக் கேடு. எடைகுறைந்த குழவிக்கு இவ்விரண்டினும் மேலான வெப்பக் கருவி ஒன்று உண்டு. 1978இல் தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரில், கண்ணாடிப்பெட்டிகள் போதாமையால், எட்கர் ரேய் என்னும் மருத்துவர் குறைமாதக் குழவிகளைத் தாய்மாரின் வெறுமார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் செய்தார். கங்காருவின் பையை நினைவூட்டுதலின் அப்பெயரே முறைக்கு ஆயிற்று. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நிகழ்ந்து 2021இல் வெளியான ஆராய்ச்சியில், பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கிய குழவிகளில் முதல் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12. உடல்நிலை சீரானபின் தொடங்கியோரில் நூற்றுக்கு 15.7. தாய் ஓய்ந்தால் தந்தையின் மார்பும் அவ்வளவு வெப்பமுடையதே. நம் ஆடவர் இதனை நாணமின்றி ஏற்கக் கற்கவேண்டும்.

விளையாட்டுப் பொருள்களைத் தெரிந்தெடுக்கப் பிள்ளைத்தமிழ் நூல்களே வழிகாட்டும் என்றால் மாணவர் நகைப்பர். ஐந்தாந் திங்களிற் கூறும் செங்கீரைப் பருவமாவது, குழந்தை ஒருகால் மடக்கி, இருகை ஊன்றி, தலைநிமிர்த்து அசைதல். அந்நிலை எய்த, விழித்திருக்கும் வேளைகளில் நம் கண்முன் குப்புறக் கிடத்திப் பழக்கவேண்டும். புரளத் தொடங்கியவுடன் துணியில் இறுகச் சுற்றிக் கிடத்துதலை நிறுத்தவேண்டும். ஒன்பதாந் திங்களிற் சப்பாணி கொட்டும் கைக்கு எட்டுவதெல்லாம் வாய்க்குச் செல்லும். ஆதலின் கிலுகிலுப்பை உடைந்தால் உள்ளிருக்கும் மணி வெளிப்படுமா என்று வாங்குமுன் பார்க்க. நம் இந்தியச் சட்டப்படி 2021 சனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு இந்தியத் தரமுத்திரை கட்டாயமாகும். வசம்புமணி கோத்த கைவளையும், கழுத்திற் கட்டும் கறுப்புக்கயிறும் தாயத்தும் உறங்கும்போதேனும் கழற்றப்படுக. மின்னி ஒலிக்கும் பொம்மைகளிலுள்ள பொத்தான் போன்ற மின்கலத்தை விழுங்கினால், அஃது இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழலை எரித்துப் புண்ணாக்கவல்லது. அதன் மூடி திருகாணியால் இறுகியிராவிட்டால் அப்பொம்மை வீட்டில் வேண்டா.

பட்டினப்பாலையிற் பேசப்படும் முக்காற் சிறுதேர் முதல் நம் தச்சர் செய்யும் மூன்றுசக்கர நடைவண்டி வரை ஒரு தொடர்ச்சி உண்டு. நடைவண்டியைக் குழந்தை தன் காலில் நின்று, பின்னிருந்து தள்ளுகின்றது, விழுந்தால் உட்காருகின்றது. இப்போது விற்கும் வட்டச்சக்கர இருக்கைவண்டியோ, நடக்க அறியாத குழந்தையை நடுவில் தொங்கவிட்டு, படிக்கும் அடுப்புக்கும் கண்ணிமைப்பில் கொண்டுசேர்க்கின்றது. நடையையும் அது விரைவிற் கற்பிப்பதில்லை. கனடா நாட்டார் 2004இல் அதனை விற்பதையே தடைசெய்தனர். மேடும் சரிவுமான மலைமுற்றத்துக்கு நடைவண்டிகூடத் துணையின்றி ஆகாது.

இறுதியாக, கண்காணித்தல். படுக்கையறையைக் காட்டும் படக்கருவியும், காலுறையில் வைத்து மூச்சையும் நாடியையும் எண்ணும் பொறியும் இந்நாளில் விற்கின்றன. உறக்கச்சாவைத் தடுக்க இவற்றை நம்பவேண்டா என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறுகின்றது. பொய்யாக ஒலித்து அச்சுறுத்தும். ஒலியாதிருந்து பொய்த்துணிவு தரும். மின்சாரம் நின்ற மலையிரவில் அவை வெறும் அணிகலன்.

இதற்கு மாறாக மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலியில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அபய் பங்க், ராணி பங்க் என்னும் மருத்துவத் தம்பதியர், எழுத்தறியாத கிராமப் பெண்டிரும் குழந்தையின் நுரையீரற் காய்ச்சலைக் கண்டறியவென்று, கோத்த மணிகளும் ஒரு நிமிட மணற்கடிகையும் கொண்ட கருவி ஒன்றைச் செய்தனர். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணிக்கு வந்தால் நோயென்று அறியலாம். அவர்கள் பயிற்றிய பெண்டிர் வீடுவீடாய்ச் சென்று பச்சிளங்குழவிகளைப் பேணிய 39 கிராமங்களில், ஒரு திங்களுக்குட்பட்ட சாவு 62 விழுக்காடு குறைந்ததென 1999இல் வெளியிட்டனர். 2011 முதல் இந்திய அரசினரும் வீட்டிற்கே சென்று குழவியைப் பேணும் முறையைத் தொடங்கினர்.

அம்முறையை நாமும் கற்றுக்கொள்ளலாம். நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்றே வேண்டும். குழந்தை அழாமல், பால்குடியாமல் அமைதியாய் இருக்கையில் சட்டையை நீக்கி, வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை முழு நிமிடம் எண்ணுக. இரண்டு திங்களுக்குட்பட்ட குழந்தைக்கு 60ம், ஓராண்டு வரை 50ம், ஐந்தாண்டு வரை 40ம் எட்டினாலோ கடந்தாலோ அது விரைமூச்சு. இளங்குழவிக்கு 60 வந்தால் சிறிது பொறுத்து மறுபடியும் எண்ணுக. அதன் மூச்சு இயல்பாகவே சீரற்றது. மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகின்றதா என்று நோக்குக. உள்ளங்காலையும் வயிற்றையும் புறங்கையால் தொடுக. கால் குளிர்ந்து வயிறு வெதுவெதுப்பாயின் மார்போடு அணைத்து வெப்பமூட்டுக. இரண்டும் குளிர்ந்திருந்தால் அணைத்தபடியே மருத்துவமனைக்குப் புறப்படுக. பால்குடிக்க மறுத்தலும், எழுப்பினும் விழியாத சோர்வும், வலிப்பும், விரைமூச்சும் விடியும்வரை பொறுக்கத்தக்கன அல்ல. 108ஐ அழைத்து, ஊரின் பெயரையும் அடையாளத்தையும் தெளிவாகச் சொல்லி, வண்டி வருமட்டும் குழந்தையின் முகத்தைத் திறந்தே வைத்து, மார்போடு சேர்த்துப் பிடித்திருத்தல் வேண்டும். மலைமேல் உள்ளோர் முதலிற் செம்மேட்டு மருத்துவமனையை நாடுக. அங்கிருந்து கீழே அனுப்பினால், காரவள்ளி வரையிலான 70 வளைவுகளிலும் மூச்சை எண்ண ஒருவர் உடன் செல்லுக.